ஒரு முழ ஆன்டெனா

நான் என் மாமா வீட்டில் வந்து இறங்கிய மூன்றாம் நாள் காலையில், அவர் மேல்வீட்டுக்காரரின் இரண்டு பற்களை ஆன்டெனாவால் உடைத்தார்.

ஆன்டெனா என்றதும் டிவிக்கு வைப்பதை நினைத்துவிட வேண்டாம். இரண்டரை மீட்டர் நீள அலுமினியக் குழாய், அதன் குறுக்கே பதினான்கு கம்பிகள். மாமா கட்டடம் இடிக்கும் வேலையில் இருப்பவர். எங்கோ ஒரு பள்ளிக்கூடத்தை இடித்தபோது கழற்றிய ஜன்னல் சட்டங்களிலிருந்து அதைச் செய்திருந்தார். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், நேராக மேல்வீட்டுப் படுக்கையறைக்கு மேலே, வானத்தைக் குத்துவதுபோல் நின்றது அது. அந்த வீட்டுக்காரர் பஸ் ஓட்டுநர். அது வந்த நாளிலிருந்து தன் மனைவிக்குத் தலைவலி என்று அவர் ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அது எதையும் அனுப்பாது, வருவதைக் கேட்கும், அவ்வளவுதான் என்று மாமாவும் ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்று ஓட்டுநர் குறடோடு மேலே போய்க் கேபிளை வெட்டி, கம்பத்தைச் சாய்த்தார். மாமா வேலைக்குக் கிளம்ப ஒரு காலில் பூட்ஸ் மாட்டியிருந்தார். சத்தம் கேட்டதும் மறுகாலை வெறுங்காலாகவே வைத்து ஏறினார். நான் பின்னால் ஓடினேன்.

"கேக்கறதுக்கு மட்டும்னா எதுக்குய்யா எங்க வீட்டு மேல நீட்டிக்கிட்டு நிக்குது?" என்றார் ஓட்டுநர்.

"உன் பேச்சைக் கேக்கலய்யா. அதுக்கு அவ்ளோ நல்ல காது கிடையாது."

ஓட்டுநர் குறடை வீசினார். அது மாமாவின் புருவத்தைக் கிழித்தது. மாமா கீழே கிடந்த குழாயை இரு கையாலும் தூக்கி, சுவரை உடைக்கும் அதே வீச்சில் பக்கவாட்டில் அடித்தார். பற்கள் தரையில் விழுந்த சத்தம் மிகச் சின்னது, சட்டைப் பொத்தான் தெறித்ததைப் போல. ஓட்டுநர் வாயைப் பொத்திக்கொண்டு முழங்காலிட்டபிறகும் மாமா இன்னொரு முறை ஓங்கினார். நான் குழாயின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன். என் உள்ளங்கையில் கம்பி இழுத்த கோடு இன்னும் இருக்கிறது.

காவல் நிலையத்தில் ஆய்வாளருக்கு இந்த விஷயம் சலிப்பாக இருந்தது. யார் முதலில் அடித்தார் என்பதில் அவருக்கு அக்கறை இல்லை. மேசையில் தன் கையை முழங்கையிலிருந்து நீட்டி வைத்தார்.

"இந்த நீளம். இதுக்கு மேல நீளமா மாடியில ஒரு குச்சி நின்னாலும் ரெண்டு பேரையும் உள்ள தூக்கி வச்சிருவேன். எழுதிக் குடுத்துட்டுப் போங்க."

இருவரும் எழுதிக் கொடுத்தார்கள். ஓட்டுநர் எழுதிய தாளில் ரத்தச் சொட்டு விழுந்திருந்தது.

வெளியே வந்ததும் அத்தை சொன்னாள்: "அந்த ஆளு குட்டைங்க. உங்க முழத்தை நம்பிச் செஞ்சுறாதீங்க." அவள் ஆய்வாளரின் கையைக் கண்ணாலேயே அளந்துவிட்டாள். நாற்பத்திரண்டு சென்டிமீட்டர். அத்தை தையல்காரி, தப்பாது.

மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். வேலையிடத்தில் அவருக்குச் 'சம்மட்டி' என்று பெயர். பதினாறு வயதில் முதல் சுவரை இடித்தவர், இப்போது ஐம்பத்து நாலு. வலது கையில் இரண்டு விரல்கள் கோணல். கூட வேலை பார்த்தவர்களில் இரண்டு பேருக்குத் தாடை உடைந்தது அவரால்தான். வீட்டிலும் அவர் கைபட்ட இடங்கள் உண்டு: குளியலறைக் கதவில் ஒட்டுப் பலகை, குளிர்சாதனப் பெட்டியின் பக்கத்தில் குழி, அத்தையின் இடது மணிக்கட்டில் சரியாகப் பொருந்தாத எலும்பு. உறவுக்காரர்கள் அவரைப் பற்றிப் பேசும்போது 'கோபக்காரர், ஆனா மனசு தங்கம்' என்பார்கள். இந்த வாக்கியத்தை நான் போன ஊர்களிலெல்லாம், புரிந்தும் புரியாமலும் பல மொழிகளில் கேட்டிருக்கிறேன். முதல் பாதி மட்டும்தான் எப்போதும் உண்மையாக இருந்தது.

அவர் மகள், என்னைவிட இரண்டு வயது சின்னவள், வீட்டில் பாப்பா. நான்கு வருடங்களுக்கு முன் வேறு நகரத்தில் மேல்படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது என்று சொன்னாள். தன்னைக் கேட்காமல் எப்படி விண்ணப்பித்தாய் என்று மாமா அறைந்தார். ஒரே அறை. இடது காதின் சவ்வு கிழிந்தது. ரத்தம் நின்ற பதினெட்டாம் நாள் அவள் ஒரு பையோடு போனாள். அதன்பிறகு மாதம் ஒருமுறை அத்தையோடு மட்டும் பேசுவாள். போனை மாமா வாங்கினால் லைன் துண்டிக்கப்படும். நான்கு வருடமாக மகள் குரலை அவர் கேட்கவில்லை.

ரேடியோ அதற்கு முன்பே அவருக்குப் பழக்கம். வேலையிடத்தில் கிரேன்காரரோடு பேசும் கைரேடியோவில் ஒருநாள் எங்கிருந்தோ வேறு குரல் நுழைந்தது. அதைத் துரத்திக்கொண்டு போய், தலைக்கு மேலே கடந்துபோகும் சின்னச் சின்னச் செயற்கைக்கோள்களை ரேடியோ ஆர்வலர்கள் கேட்கிறார்கள் என்று தெரிந்துகொண்டார். பெரிய பெரிய ஆன்டெனாவாகச் செய்தார். எதையும் பெரிதாக, கனமாகச் செய்தால்தான் அவருக்குத் திருப்தி.

இந்த ஆறு மாதமாக அவர் வெறிபிடித்தவர்போல் இருந்ததற்குக் காரணம், பாப்பாவின் கல்லூரிக் கூட்டம் ஒரு செயற்கைக்கோள் செய்தது. செங்கல் அளவுதான். மேலே போய்ச் சேர்ந்து பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை, அதைச் செய்த ஆறு பேரின் குரலும் ஆளுக்குப் பத்து நொடி ஒலிக்கும். ஐந்தாவது குரல் பாப்பாவுடையது. கூட்டத்தார் தங்கள் இணையப் பக்கத்தில் வரிசையைப் போட்டிருந்தார்கள். பத்து நொடி. மாமாவுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

ஆன்டெனா உடைந்த மறுநாள் அதே பக்கத்தில் ஒரு செய்தி வந்தது: மின்கலம் சரியாக ஏறவில்லை, ஒரு வாரம் தாங்கினால் அதிகம்.

மாமா சாப்பாட்டு மேசையில் எல்லாவற்றையும் பரப்பினார். புருவத்தில் ஐந்து தையல். ஒரு முழத்துக்குள் அடங்கக்கூடியவை மூன்று. ரேடியோவோடு வரும் ரப்பர் குச்சி முதலாவது. அதற்குப் பக்கத்துத் தெரு கேட்டால் அதிசயம். இரண்டாவது, செப்புக் குழாயை நான்கு இழையாக முறுக்கிச் செய்யும் சுருள். வானம் முழுவதையும் ஒரேபோல் கேட்கும், எந்தப் பக்கமும் திருப்ப வேண்டாம், வைத்துவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் எல்லாப் பக்கமும் கேட்பதால் எந்தப் பக்கமும் கூர்மையாகக் கேட்காது. மூன்றாவது, கையில் பிடிக்கும் குட்டி யாகி, உடைந்துபோன பெரிய ஆன்டெனாவின் சின்ன வடிவம். அலுமினியக் கம்பிக்குப் பதில் அளவெடுக்கும் ஸ்டீல் டேப் துண்டுகள், நான்கு. ஒரு திசையில் நன்றாகக் கேட்கும். ஆனால் செயற்கைக்கோள் போகும் வழியெல்லாம் ஒரு கையால் காட்டிக்கொண்டே வர வேண்டும். மற்றொரு கை ரேடியோவில் இருக்க வேண்டும், ஏனென்றால் அது நெருங்கி விலகும்போது அலைவரிசை நழுவிக்கொண்டே இறங்கும்; நாமும் படிப்படியாக இறக்க வேண்டும்.

"பத்து நிமிஷம் சிலை மாதிரி நிக்கணும்" என்றார் மாமா. "சுருளே போதும்."

அத்தை ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சொன்னாள்: "ரெண்டு கையும் வேலையா இருக்கற மாதிரி ஒண்ணை எடுங்க."

மாமா நிமிர்ந்து பார்த்தார். அத்தை பல்லால் நூலைக் கடித்து அறுத்தாள்.

"எனக்குத் தெரியும்" என்று மாமா சுருளையே செய்தார். இடித்த கட்டடத்து ஏசியிலிருந்து வந்த செப்புக் குழாய். கோணல் விரல்களால் அதை ஒரு மடிப்பு விழாமல் முறுக்கியதைப் பார்த்தபோது, இந்தக் கை ஏன் மற்ற நேரத்தில் இப்படி இருப்பதில்லை என்று எனக்கு ஆத்திரம் வந்தது. முப்பத்திரண்டு சென்டிமீட்டர் உயரம். அத்தையின் அளவு நாடாவில் சரிபார்த்தோம்.

சாயங்காலம் ஐந்து ஐம்பதுக்குச் செயற்கைக்கோள் வரும். தொட்டியின் மேல் சுருளை வைத்து, கேபிளை ரேடியோவில் சொருகி, ரேடியோவிலிருந்து பதிவு செய்ய என் போனுக்கு ஒரு வயர். ரேடியோ கைப்பிடிச் சுவர்மேல் இருந்தது; படி இறக்கும் பொத்தானில் என் விரல். மாமா கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். செய்ய அவருக்கு ஒன்றும் இல்லை.

மூன்றாம் நிமிடத்தில் இரைச்சலுக்குள் ஒரு பையனின் குரல் எழுந்தது. பிறகு ஒரு பெண் குரல், பாப்பா இல்லை. மாமா ஒரு விரலை உயர்த்தினார், பிறகு இரண்டு. எண்ணிக்கொண்டிருந்தார்.

அப்போது ஓட்டுநர் வந்தார். வாயில் பஞ்சு, பேச்சு கொழகொழவென்று வந்தது. "எழுதிக் குடுத்துட்டு மறுபடி வச்சிருக்க, இல்ல?"

"ஒரு முழத்துக்கு உள்ளதான் இருக்கு. போய் அளந்து பாரு."

"உன் முழத்தைத் தூக்கி…"

மீதியை அவர் முடிக்கவில்லை. மாமாவின் கைகள் சும்மா இருந்தன. முதல் குத்து நெஞ்சில், இரண்டாவது அந்தப் பஞ்சின்மேல். ஓட்டுநர் தலையால் மாமாவின் மூக்கை இடித்தார். இருவரும் தொட்டியில் மோதினார்கள், சுருள் உருண்டு விழுந்தது, மாமாவின் பூட்ஸே அதை மிதித்தது. வயர் இழுபட்டு என் போனிலிருந்து அறுந்தது. ஓட்டுநரின் விலாவில் மாமா உதைத்த உதையை நான் என் விலாவில் உணர்ந்தேன். பக்கத்து மாடியிலிருந்து இரண்டு பேர் தாவி வந்துதான் பிரித்தார்கள். அப்போதும் ரேடியோ வெறும் இரைச்சலைத் துப்பிக்கொண்டிருந்தது. ஐந்தாவது குரல் வந்து போயிருக்கும், ஒருமுறை இல்லை, மூன்று முறை.

மாமா இறங்கி வீட்டுக்குள் வந்தார். மூக்கிலிருந்து ரத்தம் சட்டையில் கோடாக இறங்கியது. அத்தை எதிரே நின்றாள். அவள் பார்த்தாள், அவ்வளவுதான். அந்தப் பார்வைக்கே அவர் கை ஓங்கிவிட்டது.

"அடிங்க" என்றாள் அத்தை. "கை சும்மாதானே இருக்கு."

அவர் திரும்பிச் சுவரைக் குத்தினார். செங்கல் சுவர். விரல் முட்டி விரிசல் விட்ட சத்தம் எனக்குக் கேட்டது. பிறகு தரையில் உட்கார்ந்து, அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டு, வெகுநேரம் எழவில்லை. அத்தை அவருக்கு மருந்து போடவில்லை. நானும் போடவில்லை.

மறுநாள் மருத்துவமனைக்குப் போய்க் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தவர், வேலைப் பெட்டியிலிருந்து பழைய ஸ்டீல் டேப்பை எடுத்து அத்தையின் முன் வைத்தார். எண்களெல்லாம் தேய்ந்துபோன டேப்.

"நாலு துண்டு வெட்டணும். வலது கை வேலை செய்யல."

"எவ்ளோ நீளம்?"

"முப்பத்தி நாலு, முப்பத்தி ரெண்டு, முப்பது, இருபத்தொம்போது."

அத்தை துணி வெட்டும் பெரிய கத்தரியை எடுத்தாள். டேப்பை வெட்டினால் கத்தரி பாழாகிவிடும் என்று அவளுக்குத் தெரியும். வெட்டினாள். முனைகள் பிளேடுபோல் இருந்தன. மூன்று துண்டுகளுக்கு முனையில் இன்சுலேஷன் டேப் சுற்றினேன், நான்காவதற்கு அது தீர்ந்துவிட்டது. நாற்பது சென்டிமீட்டர் பிவிசி குழாயில் நான்கையும் கட்டி, இரண்டாவது துண்டை நடுவில் இரண்டாக வெட்டி கேபிளைப் பற்றவைத்தோம். மாமா அதைத் தரையில் போட்டு மிதித்துப் பார்த்தார். துண்டுகள் மடங்கி, காலை எடுத்ததும் விருட்டென்று நிமிர்ந்தன.

"பரவால்ல, நம்ம வீட்டுக்கு ஏத்ததுதான்" என்றாள் அத்தை.

அடுத்த நாள் காலை ஏழு முப்பத்தொன்றுக்கு, தலைக்கு மேலே நேராக ஒரு பாதை. அதைப்போல் நல்ல பாதை அந்த வாரம் வேறு இல்லை. வயர் அறுந்திருந்ததால், என் போனை ரேடியோவின் ஒலிபெருக்கியோடு ஒட்டிப் பிடித்துப் பதிவு செய்வது என்று முடிவானது. கட்டுப்போட்ட வலது கையில் ஆன்டெனா, இடது கையில் ரேடியோ. மாமாவுக்கு மூன்றாவது கை இல்லை.

செயற்கைக்கோள் வடக்கே எழும். வடக்கேதான் படிக்கட்டு அறையின் கதவு. மாமா ஆன்டெனாவைக் கதவுக்குச் சற்று மேலே நீட்டி நின்றார். முதல் இரைச்சல் மெலிந்து, ஒரு விசில்போலக் கேட்டது. அவர் மணிக்கட்டைத் திருப்பினார். மேலே அந்தச் செங்கல் உருண்டுகொண்டே போவதால் அலையும் படுத்தும் நிமிர்ந்தும் வரும், கையும் அதோடு திரும்ப வேண்டும். குரல் தெளிந்தது. முதல் பையன்.

கதவு திறந்தது. ஓட்டுநர் நின்றார், நேராக அந்த நான்கு கம்பிகளுக்கு எதிரே.

"என் மேலேயே காட்டறியா?"

மாமா பேசவில்லை. வாயைத் திறந்தால் பதிவில் விழும்.

ஓட்டுநர் வந்து அறைந்தார். பளீரென்று ஒரு அறை. மாமாவின் தலை ஒரு பக்கம் போய்த் திரும்பி வந்தது, கை அசையவில்லை. இரண்டாவது அடி வாயில். கீழுதடு பிளந்து ரத்தம் தாடையில் வழிந்தது. மாமாவின் இடது கட்டைவிரல் ரேடியோவின் பொத்தானை ஒரு படி இறக்கியது. அவர் கண்களை நான் பார்த்தேன். அவற்றில் அமைதி எதுவும் இல்லை. அந்த ஆளைத் தூக்கி மாடியிலிருந்து எறிய வேண்டும் என்ற ஆசை அப்படியே எரிந்துகொண்டிருந்தது. கைகள் மட்டும் வேலையில் இருந்தன.

நான் ஓட்டுநரைப் பிடித்துத் தள்ள முடியாது. என் இரண்டு கையும் போனில். "அண்ணே, வேண்டாம்" என்று வாயசைத்தேன். மூன்றாவது அடி காதோடு சேர்த்து விழுந்தது. மாமா ஒரு காலில் மண்டியிட்டார், ஆன்டெனாவை உயர்த்தியபடியே. ஓட்டுநர் அதைப் பிடுங்கக் கைவைத்தார். முனையில் டேப் சுற்றாத துண்டு வளைந்து, நழுவி, நிமிர்ந்தது. அவர் உள்ளங்கை குறுக்கே கிழிந்தது. அவர் கையை உதறிக்கொண்டு பின்வாங்கி, தொட்டியின் திண்டில் உட்கார்ந்து, மாமாவின் பரம்பரையையே திட்டத் தொடங்கினார்.

அந்தத் திட்டுக்கு நடுவில் ஐந்தாவது குரல் வந்தது.

"கேக்குதா? நீங்க எங்க இருந்து கேக்கறீங்கன்னு எழுதி அனுப்புங்க. நாங்க இங்க காத்துக்கிட்டு இருக்கோம்."

அது எல்லோருக்குமாகச் சொன்னது. உலகத்தில் ரேடியோ வைத்திருக்கும் யாருக்கும். மாமா மண்டியிட்டபடியே தலைக்கு மேல் கையை உயர்த்தி, மெல்லத் தெற்கே திருப்பினார். அடுத்த சுற்றிலும் அவள் குரலைப் பிடித்தார். அதற்கடுத்த சுற்றில் இரைச்சலுக்குள் பாதியைப் பிடித்தார். ஒன்றுமே இல்லாமல் போன பிறகும் அந்தத் திசையிலேயே பிடித்துக்கொண்டிருந்தார். கட்டின்மேல் புதிய ரத்தம் ஊறியிருந்தது. அது யாருடையது என்று தெரியவில்லை.

கேட்டவர்கள் நிரப்ப வேண்டிய படிவத்தை நான் நிரப்பினேன். நேரம். திசை. எந்த வகை ஆன்டெனா: ஸ்டீல் டேப், நான்கு துண்டு, கையில் பிடித்தது. பெயர் என்ற இடத்தில் என்ன போட என்று கேட்டேன். வீங்கிய உதட்டால் அவர் சொன்னார்: "சம்மட்டின்னு போடு."

பதிவை இணைத்து அனுப்பினேன். முழுவதையும், வெட்டாமல்.

மதியம் அத்தையின் போன் அடித்தது. அது மாதக் கடைசி இல்லை. அத்தை எடுத்து, என்ன நினைத்தாளோ, மேசைமேல் வைத்து எல்லோருக்கும் கேட்கும்படி ஒலியைத் திறந்தாள்.

"அம்மா, அந்தப் பதிவுல மூணு அடி விழுது. நான் ரெண்டு தடவை போட்டுக் கேட்டேன். எனக்குத் தெரியாதா அந்தச் சத்தம்? யாரை அடிச்சாரு?"

"அவரு அடிக்கல. அவருதான் வாங்கினாரு. மேல்வீட்டுக்காரன் அடிச்சான்."



"திருப்பி அடிச்சாரா?"

"இல்ல."

"ஏன்?"

அத்தை மாமாவைப் பார்த்தாள். மாமா போனைப் பார்த்தார். அவர் பேசினால் லைன் அறுந்துவிடும் என்பது நான்கு வருட வழக்கம்.

"கையில ஆன்டெனா இருந்துச்சு" என்றார்.

லைன் அறுந்ததுபோலத்தான் இருந்தது. பிறகு பாப்பா கேட்டாள்: "இல்லாட்டி?"

"இல்லாட்டி அடிச்சிருப்பேன்."

அத்தை கண்ணை மூடிக்கொண்டாள். அவர் பொய் சொல்லியிருக்கலாம் என்று நான் நினைத்தேன். பொய் சொன்னால் பாப்பாவுக்குத் தெரிந்திருக்கும் என்றும் நினைத்தேன்.

"நான் பேசறது கேக்குதாம்மா?" என்றார் மாமா.

"வலது காதுல வச்சிருக்கேன். கேக்குது." அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டு, வேலை பேசுகிற குரலில் சொன்னாள்: "சாயங்காலம் ஆறு எட்டுக்கு ஒரு தடவை வருது. மேற்க, ரொம்பத் தாழ்வா. மின்கலம் தாங்கினா வரும். வேற எவனும் அந்தப் பக்கத்துல இருந்து அனுப்பல. கேட்டா எழுதுங்க."

அந்த நேரம் சுவரில் ஏற்கனவே எழுதியிருந்தது, அவர் கையெழுத்திலேயே, மேற்கு என்று அம்புக்குறியோடு.

"இரு, எழுதிக்கறேன்" என்று மாமா பென்சிலை இடது கையில் எடுத்தார். "ஆறு எட்டா? சொல்லு."